வழி தவறும் சிறு விமானங்களும் சுருங்கும் வானமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காகவோ சொந்த வேலைக்காகவோ சிறு விமானம் ஓட்டுகிறவர்கள் அவ்வப்போது போகக்கூடாத இடத்துக்குள் போய்விடுகிறார்கள். பெரும்பாலும் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அன்று மாலையே அது டிவியில் வந்துவிடும், சில மாதங்களில் புது விதி ஒன்றும் வந்து சேரும். அங்கே விமானம் ஓட்டப் பழகுகிற, பழக நினைக்கிற தமிழ் நண்பர்கள் இதைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

அங்கே யாரிடமும் அனுமதி கேட்காமலே பறக்க முடியும் என்கிறார்களே, உண்மையா?

பல இடங்களில் உண்மைதான். லைசென்ஸ் வைத்திருப்பவர், வானம் தெளிவாக இருக்கும் ஒரு காலை நேரத்தில், கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத சிறு விமான நிலையத்திலிருந்து ஒரு செஸ்னா 172ஐ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். எங்கே போகிறேன் என்று யாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டாம். ரேடியோவில் பேச வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது, பேசுவது நல்லது என்பது வேறு விஷயம். பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய விமான நிலையங்கள் 5,000க்கு மேல் இருக்கின்றன. பெரிய பயணிகள் விமானங்கள் போய்வருவது அவற்றில் ஒரு சிறு பகுதிக்குத்தான்.

இந்தியாவில் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். இங்கே பொதுவாகப் பறப்புத் திட்டம் கொடுத்து, வான்பாதுகாப்பு அனுமதி எண்ணும் வாங்கித்தான் கிளம்ப முடியும். அந்த ஒப்பீட்டில் பார்த்தால் அமெரிக்க விமானிகளிடம் இழப்பதற்கு நிறைய இருக்கிறது.

அவ்வளவு சுதந்திரம் இருக்கும்போது தவறு எங்கே நடக்கிறது?

இரண்டு இடங்களில். ஒன்று வரைபடத்தில் எப்போதும் இருக்கும் எல்லை. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், அட்லாண்டா போன்ற பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 'கிளாஸ் பி' வான்வெளி இருக்கிறது. மேலே போகப் போக அகலமாகும் அடுக்குகளாக அதை வரைந்திருப்பார்கள். 3,000 அடியில் தொடங்கும் ஓர் அடுக்குக்குக் கீழே 2,800 அடியில் பறந்துகொண்டிருப்பவர் வெயிலின் மேல்காற்று தூக்கியதைக் கவனிக்காமல் 3,100 அடிக்குப் போனால் உள்ளே நுழைந்தவர் ஆகிறார். இங்கே நுழைய "கிளியர்ட் இன்டு தி கிளாஸ் பிராவோ" என்று கட்டுப்பாட்டாளர் வாயால் சொல்ல வேண்டும். இதைவிடச் சிறிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள கிளாஸ் சி, கிளாஸ் டி இரண்டுக்கும் உங்கள் விமானத்தின் அழைப்புக்குறியைச் சொல்லி அவர் பதில் பேசினாலே போதும். அந்தப் பழக்கத்தில் பி-யிலும் நுழைந்துவிடுகிறவர்கள் உண்டு.

இரண்டாவது, திடீரென்று முளைக்கும் எல்லை. டிஎஃப்ஆர் என்பார்கள், தற்காலிகப் பறப்புத் தடை. காட்டுத் தீ, ராக்கெட் ஏவுதல், 30,000 பேருக்கு மேல் உட்காரும் மைதானத்தில் பெரிய லீக் விளையாட்டு என்று பல காரணங்கள். இவற்றில் மிகவும் தொல்லை தருவது அதிபர் பயணம். அவர் போகும் ஊரைச் சுற்றி 30 கடல் மைல் ஆரத்தில் ஒரு வட்டம் வரும், உயரம் ஏறத்தாழ 18,000 அடி வரை. அதற்குள் 10 கடல் மைல் உள்வட்டத்தில் எங்களைப் போன்றவர்களுக்குக் கிட்டத்தட்ட இடமே இல்லை. வெளிவட்டத்தில் பறப்புத் திட்டம் பதிந்து, டிரான்ஸ்பாண்டருக்கு (ராடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) தனி எண்ணும் வாங்கி, கட்டுப்பாட்டாளருடன் பேசிக்கொண்டே போக வேண்டும். நேற்று வரை திறந்திருந்த வீட்டுப் பக்கத்து வானம் இன்று காலை மூடியிருக்கும். 2025 ஜனவரியில் டிரம்ப் மீண்டும் அதிபராகப் பதவியேற்றது முதல் மார்ச் வரையில், அவர் வீடு இருக்கும் புளோரிடாவின் பாம் பீச் பகுதியில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட முறை தலையிட வேண்டியிருந்தது என்று வான்பாதுகாப்புக் கட்டளையகமான நோராட் சொன்னது. அறிவிப்பைப் படிக்காமல் கிளம்புகிறார்கள் என்பது அவர்களின் புகார். எனக்கு அதை மறுக்கத் தோன்றவில்லை.

2005 மே மாதம் வாஷிங்டனில் நடந்ததைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்களே, அன்று என்னதான் நடந்தது?

மே 11ஆம் தேதி, பென்சில்வேனியாவின் ஸ்மோக்டவுன் என்ற சிறு ஊரிலிருந்து ஒரு செஸ்னா 150 கிளம்பியது. உள்ளே லைசென்ஸ் பெற்ற விமானி ஒருவர், பயிற்சி விமானி ஒருவர். வட கரோலினாவின் லம்பர்ட்டனில் நடக்கும் விமானக் கண்காட்சிக்குப் போகிறார்கள். வழியில் வாஷிங்டனைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். சுற்றாமல் நேராக உள்ளே போனார்கள்.

நண்பகல் தாண்டியதும் வெள்ளை மாளிகை, நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிடல், உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் காலி செய்தார்கள். கேப்பிடலிலிருந்து ஓடியவர்களிடம் காவலர்கள் "ஓடுங்கள்" என்று கத்திய காட்சி நாடு முழுக்க ஓடியது. ஒரு பிளாக் ஹாக் ஹெலிகாப்டரும் இரண்டு எஃப்-16 போர் விமானங்களும் செஸ்னாவை நெருங்கின. எஃப்-16கள் எச்சரிக்கை வெளிச்சக் குண்டுகளைப் போட்டன. செஸ்னா 150இன் பயண வேகத்துக்கு எஃப்-16 தன்னைக் குறைத்துக்கொள்ளவே முடியாது. அதனால் வட்டமடித்து வட்டமடித்துத்தான் பக்கத்தில் வர வேண்டியிருந்தது. செஸ்னா வெள்ளை மாளிகைக்கு ஏறத்தாழ 3 மைல் வரை வந்துவிட்டு மேற்கே திரும்பியது. மேரிலாந்தின் ஃபிரெடரிக் விமான நிலையத்தில் இறக்கி, இருவரையும் கைவிலங்கிட்டு விசாரித்து விட்டுவிட்டார்கள். குற்ற வழக்கு எதுவும் இல்லை. விமானியின் லைசென்ஸை மட்டும் எஃப்ஏஏ, அதாவது அங்குள்ள விமானப் போக்குவரத்து நிர்வாகம், அவசர உத்தரவில் ரத்து செய்தது. வானிலையையோ தடை அறிவிப்புகளையோ சரியாகப் பார்க்கவில்லை, எங்கே இருக்கிறோம் என்பதே தெரியவில்லை, இடைமறித்தபோது என்ன செய்வதென்றும் தெரியவில்லை என்பது குற்றச்சாட்டு.

அதிபர் புஷ் அந்த நேரத்தில் மேரிலாந்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் அவரிடம் சொன்னார்கள். அதுவும் தனியாக ஒரு சர்ச்சையானது.

செஸ்னா 150 ஒரு கார் எடைகூட வராதே. அதற்கு ஏன் இவ்வளவு பயம்?

ஆளும் எரிபொருளும் சேர்த்து அதிகபட்சம் 730 கிலோ அளவுதான். சிறு கார் ஒன்றைவிடக் குறைவு. விமானிகள் எப்போதும் சொல்லும் வாதம் இது, கணக்குப்படி சரியான வாதமும்கூட. 1994இல் ஒருவர் திருடிய செஸ்னா 150ஐ வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் மோதினார். இறந்தது அவர் மட்டும். 2002இல் டாம்பாவில் 15 வயதுப் பயிற்சி மாணவன் செஸ்னா 172ஐ 28ஆம் மாடியில் மோதினான். அங்கேயும் இறந்தது அவன் மட்டும்தான், கட்டடம் நின்றது.

ஆனால் 2010இல் ஆஸ்டினில் ஒருவர் தன் பைப்பர் விமானத்தை வருமான வரி அலுவலகம் இருந்த கட்டடத்தில் வேண்டுமென்றே மோதியபோது தீ பரவிக் கட்டடம் மோசமாகச் சேதமடைந்தது. ஓர் ஊழியரும் இறந்தார். ஆகவே "சிறு விமானத்தால் ஒன்றும் ஆகாது" என்று அடித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று, எடைக் கணக்கு வெளியாருக்குப் புரிவதே இல்லை. கீழே நிற்பவருக்கு ராடாரில் தெரியும் புள்ளிக்குள் யார் இருக்கிறார் என்று தெரியாது. நேர்மையாக வழி தவறியவரும் கெட்ட எண்ணத்தோடு வருபவரும் அங்கிருந்து பார்த்தால் ஒன்றுதான். 2001க்குப் பிறகு அந்தக் காவலரின் இடத்தில் நின்று யோசித்தால் "ஓடுங்கள்" என்று கத்தியதில் தவறு சொல்ல முடியாது. விமானிகள் கூட்டத்தில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

அந்தச் சம்பவத்தால் விதி மாறியதா?

விதி முன்பே இருந்தது. ஈராக் போர் தொடங்குவதற்குச் சற்று முன், 2003 பிப்ரவரியில், வாஷிங்டனைச் சுற்றி 'அடிஸ்' என்ற வான்பாதுகாப்பு அடையாள மண்டலத்தைத் தற்காலிகமாக என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள். அதை எடுத்துவிடுவார்கள் என்று விமானிகள் காத்திருந்தார்கள். மே மாதச் செஸ்னா அந்த நம்பிக்கைக்கு மண் போட்டது. அதே 2005 ஆகஸ்டில், அதை நிரந்தரமாக்கப் போகிறோம் என்று எஃப்ஏஏ முன்மொழிந்தது. 20,000க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன, மிகப் பெரும்பாலானவை எதிர்ப்பு. 2009 பிப்ரவரியில் அது சிறப்புப் பறப்பு விதி மண்டலம் என்ற புதுப் பெயரில் நிரந்தரமாகிவிட்டது.

செஸ்னா வராமல் இருந்திருந்தால் நிரந்தரமாகியிருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். பாதுகாப்புத் துறைகள் எப்படியும் கேட்டிருக்கும். ஆனால் வேண்டாம் என்று வாதாட வந்தவர்களின் கையில் அதற்குப் பிறகு எதுவும் மிச்சமில்லை. அவர்கள் எதைப் பேசினாலும் எதிரே அந்த டிவி காட்சி நின்றது.

இன்று 30 கடல் மைல் ஆரத்துக்குள் சும்மா சுற்ற வேண்டுமானாலும் திட்டம் பதிந்து, தனி எண் வாங்கி, ரேடியோவில் இருக்க வேண்டும். 60 கடல் மைலுக்குள் கண்பார்வை விதிப்படி பறக்கிறவர்கள் எஃப்ஏஏவின் இணையவழிப் பாடத்தை முடித்திருக்க வேண்டும். நடுவில் இன்னும் கடுமையான உள்மண்டலம். அதில் மாட்டிக்கொண்டது காலேஜ் பார்க் விமான நிலையம். 1909இல் வில்பர் ரைட் ராணுவ அதிகாரிகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த இடம், அன்று முதல் தொடர்ந்து இயங்குகிற உலகின் மிகப் பழைய விமான நிலையம். இப்போது அங்கே போக விரும்பும் விமானி கைரேகை கொடுத்து, பின்னணிச் சோதனை முடித்து, ரகசிய எண் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் சும்மா ஒரு காபிக்கு இறங்கலாம் என்று யார் வருவார்கள்?

அப்படியானால் எல்லாக் கட்டுப்பாடுமே பயத்தில் பிறந்தவைதானா?

இல்லை. 1986 ஆகஸ்ட் 31, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் செரிட்டோஸ். தரையிறங்க வந்த ஏரோமெக்சிகோ டிசி-9 விமானத்தின் வால்பகுதியில் ஒரு பைப்பர் மோதியது. டிசி-9இல் 64 பேர், பைப்பரில் 3 பேர், கீழே வீடுகளில் இருந்த 15 பேர், மொத்தம் 82 உயிர். பைப்பர் அன்று இன்றைய கிளாஸ் பி-க்கு முன்னோடியான கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் அனுமதியில்லாமல், தெரியாமல் நுழைந்திருந்தது. அதன் டிரான்ஸ்பாண்டர் உயரத்தைச் சொல்லாத வகை. விசாரணை அறிக்கை பழியை பைப்பர் விமானி தலையில் மட்டும் போடவில்லை. கண்ணால் பார்த்து விலகிக்கொள்ளுங்கள் என்ற முறையே போதாது, கட்டுப்பாட்டு அமைப்பிலும் ஓட்டை இருக்கிறது என்றது.

அதற்குப் பிறகு பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் உயரம் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கட்டாயமானது. பயணிகள் விமானங்களில் மோதல் எச்சரிக்கைக் கருவி வந்தது. சிறு விமானக்காரர்களுக்கு அன்று அது பெரிய செலவு, முணுமுணுத்தார்கள். இன்று எவரும் முணுமுணுப்பதில்லை. வாஷிங்டன் வட்டத்தையும் இதையும் ஒரே தராசில் வைத்து "சுதந்திரம் போச்சு" என்று புலம்புகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. செரிட்டோஸ் விதி ஓர் உண்மையான மோதலுக்குப் பதில். வாஷிங்டன் விதி, நடக்கலாம் என்று அஞ்சிய ஒன்றுக்குப் பதில்.

பயத்தை வேறு யாராவது தங்கள் வசதிக்குப் பயன்படுத்திக்கொண்டது உண்டா?

உண்டு, சிகாகோவில். நகர மையத்தை ஒட்டி ஏரிக்கரையில் மெய்க்ஸ் ஃபீல்டு என்று ஒரு சிறு விமான நிலையம் இருந்தது. அதை மூடிவிட்டுப் பூங்கா அமைக்க வேண்டும் என்பது மேயர் ரிச்சர்ட் டேலியின் நெடுநாள் ஆசை. 2003 மார்ச் 30 இரவு, முன்னறிவிப்பு இல்லாமல், புல்டோசர்களை அனுப்பி ஓடுபாதையில் பெரிய எக்ஸ் குறிகளாகத் தோண்டிவிட்டார். 16 விமானங்கள் அங்கேயே சிக்கிக்கொண்டன. காரணம் கேட்டபோது பயங்கரவாத அச்சம் என்றார். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அப்படி எதுவும் கேட்டிருக்கவில்லை.

பிறகு எஃப்ஏஏ நகராட்சிக்கு 33,000 டாலர் அபராதம் போட்டது. விமான நிலைய நிதியிலிருந்து எடுத்த 10 லட்சம் டாலரையும் நகரம் திருப்பிக் கட்டியது. இடம் இப்போது பூங்கா. அந்தப் பூங்காவின் மதிப்போடு பார்த்தால் அபராதம் சில்லறை. மெய்க்ஸில் எந்த விமானியும் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். வேறெங்கோ யார் யாரோ செய்த தவறுகளால் ஊர் மனதில் ஏற்கெனவே பயம் இருந்தது, அது மேயருக்குப் போதுமானதாக இருந்தது.

தவறு எப்போதும் விமானியுடையதுதானா?

அப்படியும் இல்லை. 2004 ஜூன் 9, முன்னாள் அதிபர் ரீகனின் உடல் கேப்பிடலுக்கு வரும் நாள். கென்டக்கி ஆளுநர் ஏர்னி ஃப்ளெட்சர் வந்த விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் பழுதாகிவிட்டது. விமானி அதைக் கட்டுப்பாட்டாளரிடம் சொல்லி அனுமதியோடுதான் வந்தார். கேப்பிடலைக் காக்கிறவர்களுக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை, எல்லாரையும் வெளியே ஓட வைத்தார்கள். 2022 ஏப்ரலில் பேஸ்பால் மைதானத்தில் குதிக்க ராணுவப் பாராசூட் குழு வந்தபோது எஃப்ஏஏ கேப்பிடல் காவலர்களுக்குச் சொல்லாமல் விட்டது. மறுபடியும் ஓட்டம். பொதுமக்கள் நினைவில் இவையெல்லாம் "ஏதோ சின்ன விமானம் வந்ததாம்" என்ற ஒரே வரியாகத்தான் தங்கும்.

நோட்டாம் என்ற அறிவிப்பு முறையும் விமானிக்கு உதவியாக இருந்ததில்லை. சுருக்கெழுத்தும் பெரிய எழுத்துமாக, அணைந்துபோன கோபுர விளக்குகளைப் பற்றிய பத்து வரிகளுக்கு நடுவே உயிர்போகும் வரி ஒன்று ஒளிந்திருக்கும். 2023 ஜனவரி 11 அன்று அந்தக் கணினி முறை படுத்துக்கொண்டதில் நாடு முழுக்க விமானங்கள் கிளம்ப முடியாமல் நின்றன.

கட்டுப்பாடு வந்தும் சுதந்திரம் தப்பித்த இடம் எங்காவது உண்டா?

நியூயார்க்கின் ஹட்சன் ஆறு. மன்ஹாட்டன் கட்டடங்களை ஒட்டி, ஆற்றின் மேல், யாரிடமும் அனுமதி கேட்காமல் பறக்கக்கூடிய ஒரு தாழ்வான வழி இருக்கிறது. 2009 ஆகஸ்ட் 8ஆம் தேதி அங்கே ஒரு பைப்பரும் சுற்றுலா ஹெலிகாப்டரும் மோதி 9 பேர் இறந்தார்கள். மூடிவிடு என்ற குரல் உடனே எழுந்தது. எழாமல் இருக்குமா? மூன்று வருடத்துக்கு முன்தான், 2006 அக்டோபரில், பேஸ்பால் வீரர் கோரி லைடில் வந்த சிறு விமானம் கிழக்கு ஆற்றின் பக்கம் அடுக்குமாடி ஒன்றில் மோதியிருந்தது. இரண்டே நாளில் அந்த ஆற்று வழியில் இறக்கை விமானங்கள் அனுமதியில்லாமல் பறக்கக் கூடாது என்றாகிவிட்டது.

ஹட்சனில் வேறு மாதிரி நடந்தது. எஃப்ஏஏ விமானிகள் அமைப்புகளையும் ஹெலிகாப்டர் நிறுவனங்களையும் உட்கார வைத்துப் பேசியது. விமானிகள் அதுவரை தாங்களாகவே கடைப்பிடித்த நல்ல பழக்கங்களைச் சட்டமாக்கினார்கள்: வேகம் மணிக்கு 140 கடல் மைலுக்கு மேல் கூடாது, விளக்குகள் எரிய வேண்டும், குறித்த இடங்களில் ரேடியோவில் இருப்பைச் சொல்ல வேண்டும், கடந்துபோகிறவர்களுக்கு ஓர் உயரம், ஆற்றங்கரையில் இறங்கி ஏறும் ஹெலிகாப்டர்களுக்கு இன்னோர் உயரம். அந்த வழி இன்றும் திறந்திருக்கிறது. பயிற்சி முடித்த பிறகு வாய்ப்புக் கிடைத்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

நான் தெரியாமல் நுழைந்துவிட்டால் தண்டனை என்ன?

லைசென்ஸைச் சில வாரங்களோ மாதங்களோ முடக்கலாம். மோசமான அலட்சியம் என்றால் ரத்து. வாஷிங்டன் போன்ற தேசியப் பாதுகாப்பு வான்வெளியில் தெரிந்தே நுழைந்தால் ஒரு வருடம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. 2015 முதல் எஃப்ஏஏவின் போக்கு கொஞ்சம் மாறியிருக்கிறது. வேண்டுமென்று செய்யாத, ஒத்துழைக்கிற விமானிக்கு மறுபயிற்சி கொடுத்து முடித்துவிடுவது அதிகம்.

நாசா நடத்தும் பாதுகாப்பு அறிக்கை முறையை மறக்காதீர்கள். 10 நாளுக்குள் நடந்ததை எழுதி அனுப்பினால், அது தெரியாமல் நடந்த தவறாக இருந்தால், முந்தைய 5 வருடத்தில் உங்கள் மேல் விதிமீறல் நிரூபணம் ஆகாமல் இருந்தால், முடக்கமும் அபராதமும் தள்ளுபடி. மீறல் என்ற பதிவு மட்டும் நிற்கும்.

செனட்டர் ஜிம் இன்ஹோஃப் 2010இல் டெக்சஸில், வேலையாட்கள் நின்றுகொண்டிருந்த மூடிய ஓடுபாதையில் இறங்கினார். நோட்டாம் பார்க்கவில்லை. மறுபயிற்சியோடு விட்டுவிட்டார்கள். பிறகு விமானிகளின் உரிமைச் சட்டம் ஒன்றை அவரே கொண்டுவந்து 2012இல் நிறைவேற்றவும் செய்தார். நல்ல சட்டம்தான், விமானிக்குத் தன் மேல் உள்ள ஆதாரத்தைக் கேட்டு வாங்கும் உரிமை தந்தது. ஆனாலும் மனிதர் கெட்டிக்காரர்.

தவறு செய்த விமானியை மற்ற விமானிகளே கிழித்துத் தொங்கவிடுவது சரியா?

என் கருத்து: பெயரைச் சொல்லி அவமானப்படுத்துவதால் ஒரு வட்டமும் சுருங்கப் போவதில்லை. அடுத்தவர் தன் தவறை மறைக்கத்தான் கற்றுக்கொள்வார். அதற்காக "யாருக்கும் அடிபடவில்லையே" என்று மூடி மறைப்பதும் வேண்டாம். பத்திரிகைக்காரர் கேட்டால், அவர் கிளம்பும் முன் செய்ய வேண்டிய பத்து நிமிட வேலையைச் செய்யவில்லை என்று நேராகச் சொல்வதே விமானிகளின் மேல் நம்பிக்கையை வளர்க்கும். 2005இல் விமானிகளில் பலர் முதலில் பேசியது எஃப்-16களின் அத்துமீறலைப் பற்றி. கேட்டுக்கொண்டிருந்த ஊருக்கு அது எரிச்சலைத்தான் தந்திருக்கும்.

தடை வட்டத்தில் மாட்டாமலிருக்க என்ன செய்யலாம்?

கிளம்பும் முன், கடைசி நேரத்தில் ஒருமுறை, டிஎஃப்ஆர்களைப் பாருங்கள். முந்தின இரவு பார்த்தது கணக்கில்லை. சந்தேகம் இருந்தால் பறப்புச் சேவை நிலையத்துக்கு ஃபோன் செய்யுங்கள், அந்த அழைப்பு பதிவாகும் என்பது உங்களுக்கே பாதுகாப்பு. ஐபாடில் ஓடும் வரைபடம் அருமையான கருவி, ஆனால் இணையம் இல்லாத இடத்தில் அது பழைய தகவலையும் அதே அழகோடு காட்டும். பறக்கும்போது கட்டுப்பாட்டாளரிடம் ராடார் கண்காணிப்புக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலை அதிகமில்லாவிட்டால் தருவார்கள், வட்டத்தை நெருங்கினால் பெரும்பாலும் எச்சரிப்பார்கள். 2020 முதல், டிரான்ஸ்பாண்டர் கட்டாயமான பெரும்பாலான இடங்களில், விமானம் இருக்கும் இடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவியும் கட்டாயம் என்பதால், முன்பு யாருக்கும் தெரியாமல் போன சின்ன மீறல்களும் இப்போது விமான எண்ணோடு பதிவாகின்றன.

எல்லாம் மீறி, பக்கத்தில் போர் விமானம் வந்துவிட்டால்?

திடீர்த் திருப்பம் எதுவும் வேண்டாம். அது இறக்கையை ஆட்டினால் 'என் பின்னால் வா' என்று பொருள். நீங்களும் இறக்கையை ஆட்டிப் பதில் சொல்லிவிட்டு அது போகும் திசையில் போங்கள். ரேடியோவை 121.5க்கு மாற்றி உங்கள் அழைப்புக்குறி, இருக்கும் இடம் இரண்டையும் சொல்லுங்கள். டிரான்ஸ்பாண்டரில் வேறு எண் தராவிட்டால் 7700 போடுங்கள். வாஷிங்டன் பக்கம் தரையிலிருந்து சிவப்பு, சிவப்பு, பச்சை என்று லேசர் ஒளி மாறி மாறி வந்தால் அதுவும் உங்களுக்கான எச்சரிக்கைதான். 2005 மே மாதத்தில்தான் அதையும் பொருத்தினார்கள். உடனே கட்டுப்பாட்டாளரைக் கூப்பிட்டு, அவர் சொல்லும் திசையில் வெளியேறுங்கள். இறங்கிய பிறகு துப்பாக்கியோடு வருகிறவர்களிடம் விதிமுறை வாதம் செய்யாதீர்கள். கையைத் தெரியும்படி வைத்துக்கொண்டு, கேட்டதற்குப் பணிவாகப் பதில் சொல்லுங்கள். விதி வாதத்தையெல்லாம் வழக்கறிஞர் மூலம் பிறகு செய்துகொள்ளலாம்.